நாலாவது பட்டை

"அவன் வாசலைத் தாண்டற வரைக்கும் நீ அடுப்படிய விட்டு வெளிய வரக்கூடாது. அவன் போனதும் பின்வாசல் வழியா போய்க்கோ" என்று சொல்லிவிட்டு மாமியார் அடுப்படிக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

மருமகள் தட்டை நீட்டினாள். இரட்டை முட்டை ஆம்லெட். மாமியார் கதவிடுக்கில் கையை மட்டும் விட்டு அதை வாங்கிக்கொண்டாள். ஆம்லெட்டில் தோஷம் ஒன்றும் கிடையாது. அதைப் போட்டுக் கொடுத்தவளின் முகத்தில்தான். புருஷனைப் பறிகொடுத்தவள் முகத்தில் முழித்துவிட்டுப் போனால் போகிற காரியம் விளங்காது என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். சாப்பிடப் போகிறவன் அவளுடைய கொழுந்தன். இன்று அவனுக்கு வெல்டர் டெஸ்ட்.

இது நாலாவது தடவை. முன்பு மூன்று தடவையும் அவளை இதே அடுப்படியில்தான் நிறுத்திவைத்தார்கள். மூன்று தடவையும் அவன் அவள் முகத்தைப் பார்க்காமலேதான் போனான், மூன்று தடவையும் தோற்றுவிட்டுத்தான் வந்தான். அந்த முகத்துக்கும் இந்தத் தோல்விக்கும் சம்பந்தமில்லை என்று இதிலிருந்து ஒரு சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அந்த வீட்டுப் பெரியவர்களுக்கோ, பார்க்காமல் போயே இந்தக் கதி என்றால் பார்த்துவிட்டுப் போனால் என்ன ஆகுமோ என்று பயம் இன்னும் கூடித்தான் போயிற்று.

ஆனால் இன்றைக்கு ஒரு வித்தியாசம் இருந்தது. அதே டெஸ்ட்டுக்கு மருமகளும் போகிறாள்.

அவர்கள் குடியிருந்த வீடு பட்டறை கொடுத்தது. கொதிகலனும் பெரிய தண்ணீர்த் தொட்டிகளும் செய்கிற பட்டறை அது. டெஸ்ட் பாஸான வெல்டருக்கு மட்டும்தான் குவார்ட்டர்ஸ். வாசல் நிலைக்கு மேலே ஒரு தகரப் பலகையில் அவர் பெயரை எழுதி மாட்டுவார்கள். அவள் புருஷன் நல்ல வெல்டர். ஏறக்குறைய நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். நிர்வாகம் இரக்கப்பட்டு அவளுக்கு ஹெல்பர் வேலையும் தம்பிக்குப் பயிற்சி வேலையும் கொடுத்து, குடும்பத்தில் இன்னொருவர் வெல்டர் ஆகும்வரை வீட்டிலேயே இருக்கலாம் என்று நான்கு வருஷ அவகாசமும் கொடுத்தது. அந்த இன்னொருவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அண்ணனின் முகமூடியும் கையுறையும் தோல் ஏப்ரனும் ஒரு மாதம் முடிவதற்குள் தம்பி கைக்குப் போய்விட்டன. அவளைக் கேட்கவில்லை.

அவகாசம் தீர இன்னும் நான்கு மாதம்தான் பாக்கி. காலி செய்தால் போக ஒரே இடம் மாமனாருடைய அண்ணன் வீடு. ரயிலில் இரண்டு நாள் தூரம். அங்கே பதினொரு பேருக்குச் சமைக்க ஆள் இல்லாமல் கஷ்டப்படுவதாகப் பெரியவர் ஏற்கெனவே கடிதம் போட்டிருந்தார். அந்த ஆள் யாராக இருக்கப்போகிறாள் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவள் வேலை போகும். மூன்றாவது படிக்கிற மகளுக்கு இந்தப் பள்ளிக்கூடம் போகும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அந்த அடுப்படிதான்.

பட்டறையில் அவள் வேலை கசடு தட்டுவது. வெல்டிங் வைத்த இடத்தின் மேல் கறுப்பாக, கண்ணாடி மாதிரி ஓர் ஓடு படியும். அதுதான் கசடு. அதைக் கூர்சுத்தியலால் தட்டி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகுதான் அடுத்த வரிசை வைக்க வேண்டும். கசடு உள்ளேயே மாட்டிக்கொண்டால் வெளியே பார்க்க அழகாகத்தான் இருக்கும், பாரம் ஏறும்போது பிளந்துகொள்ளும். கையிலுள்ள வெல்டிங் ராடு உருகித் தீர்ந்ததும் வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டு "தட்டு" என்பான். அவள் தட்டுவாள். நான்கு வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனை நூறு 'தட்டு' என்று கணக்கே கிடையாது. பட்டறையில் அவளுக்குச் 'சுத்தியக்கா' என்றே பெயர்.

அத்தனை பேருடைய வெல்டிங்கையும் தட்டித் தட்டி, யார் கை எங்கே நடுங்குகிறது, யார் அவசரக்காரன், எவன் அடியை உருகவைக்காமல் மேலே பூசி மெழுகுகிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. நல்ல கையாக இருந்தால் கசடு ஒரே தட்டில் உரிந்துவரும். கொழுந்தனுடையது பத்துத் தட்டுத் தட்டினாலும் பல்லில் ஒட்டிய மிட்டாய் மாதிரி விடாது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு வெல்டரிடம், "அண்ணே, சாப்பாட்டு நேரத்துல உங்க மெஷின கொஞ்சம் தொட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். தன் இடத்தைத் தினமும் கூட்டிவிட்டால் தொட்டுக்கொள்ளலாம் என்றான் அவன். அன்றிலிருந்து மற்றவர்கள் சாப்பிடுகிற முக்கால் மணி நேரத்தில், அவர்கள் வீசியெறிந்த ராடு துண்டுகளை வைத்துக்கொண்டு, வெட்டிப்போட்ட தகடுகளை ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள். முதல் ஆறு மாதம் ஒன்றுகூட உருப்படவில்லை. கண்ணெரிச்சலோடு வீட்டுக்கு வந்தால், "என்ன, அழுதியா?" என்று கேட்கக்கூட அங்கே ஆள் இல்லை.

போன மாதம் டெஸ்ட் அறிவிப்பு ஒட்டினார்கள். இரண்டு வருஷம் வேலை பார்த்த எவரும் விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருந்தது. 'எவரும்' என்பதில் தானும் சேர்த்தி என்று எடுத்துக்கொண்டு அவள் பெயர் கொடுத்தாள். அன்று வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடந்தது.

"தோத்துட்டா?" என்று கேட்டார் மாமனார். முதல் கேள்வியே அதுதான்.

"தோத்தா தோத்ததுதான் மாமா."

"அவ்வளவு சுலபமா சொல்ற. ஊர் சிரிக்கும். இந்த வீட்டுப் பொம்பள ராடு பிடிக்கப் போய் பல்லிளிச்சுட்டு வந்தான்னு சொல்லுவான். எனக்கில்ல அசிங்கம்?"

"தம்பியும் மூணு தடவ..."

"அவன் ஆம்பள" என்று மாமியார் குறுக்கே விழுந்தாள். "அவனுக்கு அது அனுபவம்."

அனுபவம் என்ற சொல்லை மாமனார்தான் அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தார். மகன் ஒவ்வொரு தடவை தோற்றுவிட்டு வரும்போதும் அவன் தோளில் தட்டி, "இதெல்லாம் அனுபவம்டா ராசா. முயற்சி பண்றவன்தான் தோப்பான்" என்பார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்குப் பிடித்ததைச் சமைக்கச் சொல்லுவாள். மருமகள்தான் சமைப்பாள். அவன் இரண்டு நாள் லீவு போட்டுப் படுத்திருப்பான். முதல் தடவை ராடு ஈரமாக இருந்தது, இரண்டாவது தடவை கரண்ட் ஏறி இறங்கியது, மூன்றாவது தடவை முகமூடிக் கண்ணாடியில் கீறல். மகனுடைய கையில் மட்டும் இதுவரை ஒரு குறையும் கண்டுபிடிக்கப்படவில்லை.

தோற்றால் அசிங்கம் என்று அன்றைக்கு அரை மணி நேரம் பேசினார்கள். பாஸாகிவிட்டால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அது ஏன் என்று அவளுக்கு யோசனையாகவே இருந்தது.

வாசல் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. ராசா கிளம்பிவிட்டான். அவள் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு, மகளின் தலையைத் தடவிவிட்டு, குப்பைத்தொட்டி ஓரமாகப் பின்வாசல் வழியாகப் போனாள்.

வீட்டில் அவள் முகத்தைப் பார்த்தால் ஆகாதவனுக்குப் பட்டறையில் அவள் முகத்தைப் பார்க்காமல் ஆகவில்லை. அவள் உள்ளே நுழைந்ததுமே கையை ஆட்டிக் கூப்பிட்டான். "எங்க அண்ணி போனீங்க? எனக்குத் தட்ட ஆள் வேணாமா?"

அவள் ஃபோர்மேனைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். ஐந்து ஆண்கள், ஆறாவதாக அவள்.

"நீ டெஸ்ட்டுக்கு நின்னா இவங்களுக்கு யாரும்மா தட்டறது? ஒண்ணு பண்ணு. காலைல இவங்க அஞ்சு பேருக்கும் தட்டிடு. மத்தியானம் உன்னுத வச்சுக்கலாம்."

"எனக்கு யாரு சார் தட்டறது?"

"ஹெல்பருக்கே ஒரு ஹெல்பரா?" என்றார் ஃபோர்மேன். பட்டறை முழுக்கச் சிரித்தது. கொழுந்தன் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தான்.

வேலை இதுதான்: ஓரம் சீவிய இரண்டு கனத்த தகடுகளைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவிலுள்ள இடைவெளியை அடியிலிருந்து மேலாக வரிசை வரிசையாக நிரப்ப வேண்டும். பிறகு அந்த இணைப்பைக் குறுக்காக நாலு பட்டைகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் பிரஸ் மெஷினில் கொடுத்து, இரண்டு முனையும் எதிரெதிரே வரும்படி வளைப்பார்கள். வளைவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விரிசல் விட்டால் போச்சு. நாலு பட்டையும் தேற வேண்டும். பிரஸ்ஸுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது, அதனால்தான் அவள் அதை நம்பினாள்.

காலை முழுக்க அவள் ஐந்து பேருக்கும் தட்டினாள். "தட்டு" என்ற குரல் மாறி மாறி வந்தது, அவள் மாறி மாறி ஓடினாள். கொழுந்தனுடைய தகட்டுக்கு மற்றவர்களுக்கு ஆனதைப்போல் இரண்டு பங்கு நேரம் ஆயிற்று. வேண்டுமென்றே ஒரு துணுக்கு விட்டுவைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி ஒரு யோசனைகூட அவளுக்கு வரவில்லை. மூலைமூலையாகக் குடைந்து எடுத்துச் சுத்தமாகக் கொடுத்தாள்.

மத்தியானம் அவள் முறை வந்தபோது தோள் இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது. ஸ்டோரில் கேட்டு வாங்கிய முகமூடி பெரிதாக இருந்ததால் ஒரு துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். முதல் பொறி பறந்ததும் சிரிப்பு, களைப்பு எல்லாம் வெளியே நின்றுவிட்டன. கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சின்னப் பச்சை வெளிச்சமும் உருகுகிற இரும்பும் மட்டும்தான் இருந்தன. அடி வரிசை ஏறியது. தட்டினாள், ஓடு ஒரே தட்டில் உரிந்து விழுந்தது. இரண்டாவது வரிசையும் அப்படியே. மூன்றாவது வரிசை பாதியில் ராடு தீர்ந்தது. புது ராடைச் செருகினாள். விட்ட இடத்தில் வைத்தாள், தொடர்ந்து மேலே ஏறினாள்.

இரண்டு விரல்கடை ஏறிய பிறகுதான் உறைத்தது. விட்ட இடத்தைத் தட்டவில்லை.

நான்கு வருஷமாக அந்தக் கை ஒரு குரலுக்காகக் காத்திருந்தே பழகிவிட்டது. சாப்பாட்டு நேரத்துத் துண்டு ராடுகளோடு நிதானமாகச் செய்தபோது இந்தப் பழக்கம் வெளியே தெரியவில்லை. காலை முழுக்க ஐந்து பேருடைய குரலுக்கு ஓடிவிட்டு வந்த கை, மத்தியானமும் ஒருவன் "தட்டு" என்பான் என்று சும்மா இருந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் கசடு தட்டுகிறவள் தன்னுடையதை உள்ளேயே வைத்துப் புதைத்துவிட்டாள். மேலே ஏறிய உலோகத்தைத் தோண்ட விதி இடம் கொடுக்காது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தை முடித்தாள்.

நாலு மணிக்குப் பட்டைகளை வளைத்தார்கள். ஐந்து ஆண்களில் இரண்டு பேர் தேறினார்கள். கொழுந்தனுடைய முதல் பட்டை பாதி வளைவதற்குள் படாரென்று இரண்டாக ஒடிந்து தரையில் விழுந்தது. ஃபோர்மேன் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு மற்ற மூன்றையும் வளைக்காமலே பட்டியலில் ஒரு கோடு போட்டார்.

அவளுடைய முதல் பட்டை வளைந்தது. ஃபோர்மேன் தடவிப் பார்த்தார், கீறல் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது வளையும்போது கைகழுவப் போயிருந்த வெல்டர்கள் ஈரக்கையோடு திரும்பி வந்து நின்றார்கள். அதிலும் இல்லை. கொழுந்தனின் முகம் வெளுத்துவிட்டது. தன் பட்டை ஒடிந்தபோதுகூட அது அப்படி வெளுக்கவில்லை.

நாலாவது பட்டையில், வளைவின் நடுவில், ஒரு சின்ன வாய் திறந்தது. ஃபோர்மேன் ஸ்கேலை வைத்தார்.

"நாலரை" என்றார். பிறகு யாரும் கேட்காமலேயே, "மத்த மூணும் சுத்தம்" என்று சேர்த்துக்கொண்டார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. பட்டையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டாள். அறிவிப்புப் பலகையில் அடுத்த டெஸ்ட் தேதியைப் பார்த்தாள். சரியாக மூன்று மாதம். அவகாசம் தீர்வதற்கு நான்கு வாரம் முன்னால். நேராக அலுவலகத்துக்குப் போய், விண்ணப்பத்தை வாங்கி, நின்றபடியே நிரப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் முந்திக்கொண்டு வந்து படுத்திருந்தான். சேதி முழுக்கச் சொல்லியாகிவிட்டது போலிருந்தது.

"அண்ணி சரியா தட்டல" என்றான் சுவரைப் பார்த்தபடி. நாலாவது காரணம் கிடைத்துவிட்டது.

"கசடு இல்ல தம்பி. ஒடிஞ்ச எடத்தப் பாத்தேன். அடியே உருகல" என்றாள் அவள். அவன் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. மாமியார் அவளுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அந்தக் கையால் அவள் வாங்கிய முதல் டீ. புருஷன் செத்த அன்றைக்குக்கூடக் கிடைக்காதது, தோற்ற அன்றைக்குக் கிடைத்தது.

"உக்காரும்மா. பாவம், காலைலேர்ந்து நிக்கிற" என்றாள் மாமியார். குரலில் சர்க்கரை கொட்டியது. "உனக்கு எதுக்கும்மா இந்த நெருப்பு வேலையெல்லாம்? ஏதோ ஆசைப்பட்ட, பாத்துட்ட. விட்டுத்தள்ளு."

மாமனாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெருந்தன்மையாகப் பேசினார். "நல்ல வேளைம்மா. எங்க நீ பாஸாகித் தொலைச்சு, வாசப் பலகையில உன் பேர எழுதிடுவானோன்னு காலைலேர்ந்து எனக்கு நெஞ்சு படபடன்னு இருந்துச்சு. பொம்பள பேர் போட்ட வீட்டுல, அதுவும்..." என்று நிறுத்தினார். அதுவும் தாலியில்லாதவள் என்பதை விழுங்கிவிட்டார். அவ்வளவு நாகரிகம் அவரிடம் உண்டு. "அதுக்கு வீட்ட காலி பண்ணிட்டு அண்ணன் வீட்டுத் திண்டாட்டத்துக்கே போயிடலாம். மானம் தப்பிச்சுது."

ஒரு மாதமாகப் புரியாமல் இருந்தது அவளுக்கு இப்போது புரிந்தது. தலைக்கு மேல் கூரை போனாலும் பரவாயில்லை, அந்தக் கூரை அவள் பெயரில் இருக்கக்கூடாது. இவர்கள் பயந்தது அவள் தோற்பாள் என்று அல்ல. நாலரை மில்லிமீட்டர் விரிசலில் இந்தக் குடும்பமே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அவளுக்கு அழுகை வரவேண்டியது, ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் இதமாகக்கூட இருந்தது.

அவள் டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள். நல்ல டீ, மிச்சம் வைக்க மனமில்லை. பையிலிருந்து வளைந்த பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். மகள் வந்து அந்தச் சின்ன விரிசலில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"இது ஏம்மா இப்படி ஆச்சு?"

"நடுவுல ஒரு தடவ தட்டணும். மறந்துட்டேன். அடுத்த தடவ எனக்கு நானே சொல்லிக்குவேன்."

டம்ளரை எடுக்க வந்த மாமியாரின் கை அப்படியே நின்றது. "அடுத்த தடவையா?"

"மூணு மாசத்துல இருக்கு அத்த. பேர் கொடுத்துட்டுத்தான் வந்தேன்."

"பட்டது போதாதா உனக்கு? இன்னைக்குத்தான் எல்லார் முன்னாடியும் தோத்துட்டு வந்திருக்க."

"தோத்தேன்" என்றாள் அவள். "தம்பிக்கு நாலு அனுபவம் ஆயிடுச்சு. எனக்கு இப்பத்தான் ஒண்ணு."

போர்வை அசைந்தது. மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். மாமியார் காலி டம்ளரை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். சர்க்கரை அத்தனையும் ஒரு நிமிஷத்தில் கரைந்துபோய்விட்டது.

"அதுலயும் தோத்துட்டா?" என்றார் மாமனார்.

"தோத்தா உங்க அண்ணன் வீட்டுக்கு நீங்க போங்க மாமா. நான் பட்டறை பக்கத்துலயே ஒரு ரூம் பாத்துக்கிட்டு, அதுக்கடுத்த டெஸ்ட்டுக்குப் பேர் கொடுப்பேன்."

கடைசியில் மாமியார்தான், ஒரு மாதமாக அந்த வீட்டில் ஒருத்தரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வியை, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"பாஸாயிட்டா?"

மருமகள் எழுந்தாள். கொழுந்தனின் கட்டிலுக்கு அடியில் குனிந்து புருஷனுடைய முகமூடியை வெளியே எடுத்தாள். அதன் கண்ணாடியை முந்தானையால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"பாஸானா பலகையில என் பேர் இருக்கும் அத்த" என்றாள். "நீங்க எல்லாரும் இங்கயே இருக்கலாம். நான் யாரையும் பின்வாசல் வழியா போகச் சொல்ல மாட்டேன்."